மலேரியாவில் குருதி உறைதல் சோதனைகள்

மலேரியாவில் குருதி உறைதல் சோதனைகள் என்பவை, மலேரியாக் காய்ச்சலால் பாதிக்கப்பட்டவரின் குருதி இயல்பான முறையில் உறைகின்றதா என்பதை அறிய ஆய்வுகூடத்தில் செய்யப்படும் சோதனைகள் ஆகும். குருதிச் சிறுதட்டு எண்ணிக்கை, குருதிப் பூச்சு ஆய்வு, புரோதிராம்பின் நேரம், செயலூக்கப்பட்ட பகுதி திராம்போபிளாஸ்டின் நேரம், ஃபைபிரினோஜென் அளவு, டி-டைமர் அளவு என்பன இவற்றுள் முதன்மையானவை.

மலேரியா நோயாளிகளில் இச்சோதனைகளுள் ஒன்றிரண்டேனும் இயல்பிலிருந்து விலகிக் காணப்படுவது வழக்கம். ஆனால் அவர்களுள் மிகச் சிலருக்கே ஆபத்தான குருதிப்போக்கு ஏற்படுகின்றது. கடும் மலேரியா நோயாளிகளிலும்கூட, குருதிக்குழாய்களுக்குள் பரவலான உறைதலுடன் கூடிய குறிப்பிடத்தக்க குருதிப்போக்கு 5 விழுக்காட்டுக்கும் குறைவானோரிடமே காணப்படுகின்றது. எனவே தனியொரு சோதனை எண்ணைக் கொண்டு முடிவு செய்யாமல், எல்லா முடிவுகளையும் நோயாளியின் நிலையோடு சேர்த்துப் பார்ப்பது இன்றியமையாதது ஆகும்.

குருதி உறைதலின் அடிப்படை

குருதிக்குழாய் ஒன்றில் காயம் ஏற்படும்போது, முதலில் குருதிச் சிறுதட்டுக்கள் அவ்விடத்தில் ஒட்டித் திரண்டு தற்காலிக அடைப்பை உண்டாக்குகின்றன. அடுத்து, குருதி நீர்மத்தில் (பிளாஸ்மாவில்) உள்ள உறைதல் காரணிகள் ஒன்றையொன்று தூண்டி, இறுதியில் திராம்பின் என்னும் நொதியைத் தோற்றுவிக்கின்றன. திராம்பின், கரைந்த நிலையிலுள்ள ஃபைபிரினோஜென் என்னும் புரதத்தைக் கரையாத ஃபைபிரின் இழைகளாக மாற்றுகின்றது. இவ்விழைகள் வலை போல் பின்னிச் சிறுதட்டு அடைப்பை உறுதியாக்குகின்றன. காயம் ஆறியபின் பிளாஸ்மின் என்னும் நொதி இவ்வலையைக் கரைக்கின்றது. அப்போது வெளிப்படும் துண்டுகளுள் ஒன்றே டி-டைமர் ஆகும்.

உறைதல் தேவைக்கு மேல் பரவாமல் தடுக்க ஆன்டிதிராம்பின், புரதம் சி போன்ற தடுப்புப் பொருள்களும் உடலில் உள்ளன. உறைதல் காரணிகளுள் பெரும்பாலானவையும் இத்தடுப்புப் பொருள்களும் கல்லீரலில் உருவாகின்றன.

மலேரியா ஏற்படுத்தும் மாற்றங்கள்

மலேரியா, பிளாஸ்மோடியம் என்னும் ஒட்டுண்ணியால் ஏற்படுகின்றது. இதன் இனங்களுள் பிளாஸ்மோடியம் ஃபால்சிபாரம் மிகக் கொடியது. பிளாஸ்மோடியம் வைவாக்ஸ் பொதுவாகக் குறைந்த ஆபத்துடையது எனக் கருதப்பட்டாலும், அதுவும் சிறுதட்டுக்களின் எண்ணிக்கையைப் பெரிதும் குறைக்கக்கூடியது.

மலேரியாவில் சிறுதட்டுக்கள் குறைவதற்குப் பல காரணங்கள் உள்ளன. வீங்கிய மண்ணீரல் சிறுதட்டுக்களைத் தன்னுள் தேக்கி வைத்துக்கொள்கின்றது. எதிர்ப்பொருள்கள் ஒட்டிய சிறுதட்டுக்கள் விழுங்கணுக்களால் அழிக்கப்படுகின்றன. மேலும் பல சிறுதட்டுக்கள் குருதிக்குழாய்களின் உட்சுவரிலும், ஒட்டுண்ணி புகுந்த செங்குருதியணுக்களிலும் ஒட்டிப் பயன்படுத்தப்பட்டு விடுகின்றன. ஒட்டுண்ணி புகுந்த செங்குருதியணுக்களில் சிறுதட்டுக்கள் ஒட்டி ஒட்டுண்ணியைக் கொல்லவும் கூடும் என்பதை 2009 ஆம் ஆண்டில் வெளியான ஆய்வொன்று காட்டியது. ஆகவே சிறுதட்டுக் குறைவின் ஒரு பகுதி, உடல் நோயை எதிர்ப்பதன் விளைவாகவும் இருக்கலாம்.

ஃபால்சிபாரம் மலேரியாவில் இன்னொரு நிகழ்வும் உண்டு. ஒட்டுண்ணி தான் குடியிருக்கும் செங்குருதியணுவின் மேற்பரப்பில் ஒருவகைப் புரதத்தைத் தோற்றுவிக்கின்றது. அப்புரதத்தின் துணையால் அவ்வணுக்கள் நுண்ணிய குருதிக்குழாய்களின் உட்சுவரில் ஒட்டிக்கொள்கின்றன. இப்புரதத்தின் சில வகைகள், புரதம் சி செயற்படுவதற்குத் துணைபுரியும் ஏற்பியைப் பற்றிக்கொள்கின்றன என்பது 2013 ஆம் ஆண்டில் கண்டறியப்பட்டது. இதனால் அவ்விடத்தில் உறைதலைக் கட்டுப்படுத்தும் ஆற்றல் குறைகின்றது. மலாவி நாட்டின் பிளாண்டயர் நகரில், மூளை மலேரியாவால் இறந்த குழந்தைகளின் உடல்களில் செய்யப்பட்ட ஆய்வுகளில், மூளையின் நுண்குழாய்களுள் ஃபைபிரின் உறைவுகளும் அவற்றைச் சுற்றிச் சிறு குருதிக்கசிவுகளும் காணப்பட்டன.

கையில் உள்ள சிரையிலிருந்து எடுக்கப்படும் குருதி, உடல் முழுவதும் சுற்றிவரும் குருதியின் நிலையையே காட்டும். மூளை போன்ற ஓர் உறுப்பின் நுண்குழாய்களுக்குள் நிகழும் உறைதலை அது முழுமையாகக் காட்டாது. இது உறைதல் சோதனைகளின் அடிப்படையான வரம்புகளுள் ஒன்றாகும்.

குருதி மாதிரி எடுத்தல்

உறைதல் சோதனைகளில் ஏற்படும் பிழைகள் பல, சோதனைக் கருவியில் அல்லாமல் மாதிரி எடுக்கும்போதே தோன்றுகின்றன. சிறுதட்டு எண்ணிக்கைக்கு ஈ.டி.டி.ஏ என்னும் உறைதடுப்பி உள்ள குழாயிலும், உறைதல் நேரச் சோதனைகளுக்கு 3.2 விழுக்காட்டுச் சோடியம் சிட்ரேட்டு உள்ள குழாயிலும் குருதி எடுக்கப்படுகின்றது. சிட்ரேட்டுக் குழாயில் 9 பங்கு குருதிக்கு 1 பங்கு சிட்ரேட்டு என்னும் விகிதம் இருத்தல் வேண்டும். சிட்ரேட்டு குருதியிலுள்ள கால்சியத்தைப் பிடித்துவைத்து உறைதலைத் தடுக்கின்றது. குழாய் குறித்த கோடு வரை நிரம்பாவிடில் சிட்ரேட்டு மிகுதியாகி, இயல்பான குருதியும் தாமதமாக உறைவதாகத் தோன்றும். குருதியெடுக்க மிகவும் சிரமமான சிறு குழந்தைகளில் இப்பிழை எளிதில் நேரக்கூடும்.

எப்பாரின் மருந்து செலுத்தப்பட்ட குழாய்வழியே எடுக்கப்படும் மாதிரியும் தவறான முடிவைத் தரும். மாதிரியைச் சுழற்றிப் பிரித்து, சிறுதட்டுக்கள் நீங்கிய குருதி நீர்மம் பெறப்படுகின்றது. பகுதி திராம்போபிளாஸ்டின் நேரச் சோதனையை மாதிரி எடுத்த 4 மணி நேரத்துக்குள் செய்வது வழக்கம்.

மலேரியாவுக்கே உரிய இடர்ப்பாடு ஒன்றும் உண்டு. ஒட்டுண்ணியால் செங்குருதியணுக்கள் உடைவதால் குருதி நீர்மம் சிவந்தோ, பிலிரூபின் மிகுந்து மஞ்சளாகவோ இருக்கலாம். ஒளி ஊடுருவும் அளவைக் கொண்டு உறைதலைக் கண்டறியும் கருவிகளுக்கு இந்நிறம் இடையூறாகும். உறைவு தோன்றும்போது உலோக உருண்டையின் அசைவு மாறுவதைக் கொண்டு அளக்கும் கருவிகள் இத்தகைய மாதிரிகளில் குறைவாகவே பாதிக்கப்படுகின்றன.

முதன்மையான சோதனைகள்

குருதிச் சிறுதட்டு எண்ணிக்கை

இயல்பான அளவு, ஒரு மைக்ரோலீட்டருக்கு 1,50,000 முதல் 4,50,000 வரை ஆகும். மலேரியா நோயாளிகளுள் பெரும்பாலோருக்கு இது 1,50,000க்குக் கீழே இறங்குகின்றது. சிலரில் 50,000க்கும் குறைவாகச் செல்லும். ஒட்டுண்ணியை அழிக்கும் மருந்து வேலை செய்யத் தொடங்கியபின், எண்ணிக்கை பெரும்பாலும் ஒரு வார காலத்தில் தானாகவே இயல்பு நிலையை நெருங்குகின்றது. சிகிச்சை தொடங்கியபின் எண்ணிக்கை திடீரெனச் சரிந்தால் வேறு காரணம் தேடப்படல் வேண்டும். கொயினைன் மருந்து சிலரில் சிறுதட்டுக்களை அழிக்கும் எதிர்ப்பொருள்களைத் தூண்டக்கூடியது என்பது நெடுங்காலமாக அறியப்பட்ட செய்தியாகும்.

தானியங்கிக் கருவி தரும் எண் எப்போதும் சரியானது அன்று. சிலருடைய குருதியில் ஈ.டி.டி.ஏ காரணமாகவே சிறுதட்டுக்கள் கட்டி சேர்ந்துவிடும். கருவி அக்கட்டிகளைச் சிறுதட்டுக்களாக எண்ணாது. எண்ணிக்கை பொய்யாகக் குறையும். இதற்கு மாறாக, சிதைந்த செங்குருதியணுக்களின் துண்டுகளைச் சிறுதட்டுக்களென எண்ணி, உண்மையான குறைவைக் கருவி மறைத்துவிடவும் கூடும்.

குருதிப் பூச்சு ஆய்வு

மலேரியா ஒட்டுண்ணியை 1880 ஆம் ஆண்டில் அல்சீரியாவின் கான்சுடன்டைன் நகரில் சார்லசு லவரான் முதன்முதலாகக் கண்டது நுண்ணோக்கியின் துணையால் ஆகும். இன்றும் ஒட்டுண்ணியைத் தேட உதவும் அதே மெல்லிய பூச்சு, சிறுதட்டுக்களைச் சரிபார்க்கவும் உதவுகின்றது. எண்ணெய் வில்லையின் கீழ் ஒரு பார்வைப் புலத்தில் காணப்படும் ஒவ்வொரு சிறுதட்டும், ஒரு மைக்ரோலீட்டருக்கு ஏறத்தாழ 15,000 முதல் 20,000 வரையிலான சிறுதட்டுக்களைக் குறிக்கும். பல புலங்களின் சராசரியை எடுத்துக் கருவி தந்த எண்ணோடு ஒப்பிடலாம். பூச்சின் மெல்லிய விளிம்பில் சிறுதட்டுக் கட்டிகள் உள்ளனவா என்பதையும், உடைந்த செங்குருதியணுக்கள் உள்ளனவா என்பதையும் பார்த்தல் வேண்டும். விலையுயர்ந்த கருவிகள் இல்லாத சிற்றூர் ஆய்வுகூடங்களிலும் இதனைச் செய்ய இயலும்.

புரோதிராம்பின் நேரம்

இச்சோதனையை 1935 ஆம் ஆண்டில் அமெரிக்க மருத்துவர் ஆர்மண்டு குயிக் அறிமுகப்படுத்தினார். குருதி நீர்மத்துடன் திசுக்காரணியையும் கால்சியத்தையும் சேர்த்து, உறைவதற்கு ஆகும் நேரம் நொடிகளில் அளக்கப்படுகின்றது. இயல்பான நேரம் பெரும்பாலான ஆய்வுகூடங்களில் ஏறத்தாழ 11 முதல் 14 நொடிகள். ஒவ்வோர் ஆய்வுகூடமும் தனது வேதிப்பொருளுக்கும் கருவிக்கும் உரிய இயல்பளவைத் தானே வரையறுத்துக்கொள்கின்றது.

இந்நேரம் நீள்வது இரண்டு காரணங்களால் நேரலாம். உறைதல் காரணிகள் குருதிக்குழாய்களுக்குள் செலவழிந்துவிடுவது ஒன்று; கல்லீரல் பாதிப்பால் அவை போதிய அளவில் உருவாகாமல் இருப்பது மற்றொன்று. ஏழாம் காரணியின் ஆயுள் சில மணி நேரமே என்பதால், கல்லீரல் பாதிப்பு இச்சோதனையில் விரைவில் வெளிப்படும். மஞ்சள் காமாலையுடன் வரும் மலேரியா நோயாளியில் இவ்விரண்டையும் பிரித்தறிவது கடினம். அதற்கு ஏனைய சோதனைகளின் துணை வேண்டும்.

பன்னாட்டு இயல்பாக்க விகிதம் (ஐ.என்.ஆர்) என்னும் எண்ணும் இச்சோதனையோடு தரப்படுகின்றது. இது வார்ஃபரின் மருந்து உண்பவர்களைக் கண்காணிக்க உருவாக்கப்பட்டது. மலேரியா நோயாளியின் குருதிப்போக்கு ஆபத்தை அளக்கும் கோலாக அதனை அப்படியே கொள்ள இயலாது.

செயலூக்கப்பட்ட பகுதி திராம்போபிளாஸ்டின் நேரம்

பகுதி திராம்போபிளாஸ்டின் நேரச் சோதனை 1953 ஆம் ஆண்டில் அறிமுகமானது. இன்று பயன்படும் செயலூக்கப்பட்ட வடிவம் 1961 ஆம் ஆண்டில் உருவானது. உறைதல் தொடரின் வேறொரு வழியில் பங்குகொள்ளும் எட்டாம், ஒன்பதாம், பதினோராம், பன்னிரண்டாம் காரணிகளின் குறைபாட்டை இது காட்டுகின்றது. இயல்பான நேரம் ஏறத்தாழ 25 முதல் 35 நொடிகள். மலேரியாவில் இது சற்றே நீண்டு காணப்படலாம். மாதிரியில் எப்பாரின் கலந்திருந்தாலும் இந்நேரமே பெரிதும் நீளும் என்பதால், எதிர்பாராத முடிவு வந்தால் புதிய மாதிரி எடுத்து மீண்டும் சோதிப்பது நல்லது.

ஃபைபிரினோஜென் அளவு

1957 ஆம் ஆண்டில் கிளவுசு விளக்கிய முறை இன்றும் பரவலாகப் பயன்படுகின்றது. இதன் இயல்பான அளவு ஒரு டெசிலீட்டருக்கு 200 முதல் 400 மில்லிகிராம். உடலில் அழற்சி ஏற்படும்போது கல்லீரல் ஃபைபிரினோஜெனைக் கூடுதலாக உருவாக்குகின்றது. ஆகவே காய்ச்சலுடன் உள்ள மலேரியா நோயாளியில் இதன் அளவு உயர்ந்திருப்பதே எதிர்பார்க்கத்தக்கது. அந்நிலையில் 200 என்னும் எண் தாளில் இயல்பாகத் தோன்றினாலும், உள்ளே பெருமளவு செலவழிந்து வருகின்றது என்பதன் அறிகுறியாக இருக்கலாம். ஒரு முறை எடுத்த அளவைவிட, சில மணி நேர இடைவெளியில் எடுத்த இரண்டு அளவுகளுக்கு இடையிலான மாற்றம் கூடுதல் பொருள் தரும்.

டி-டைமர் அளவு

டி-டைமர் உயர்ந்திருப்பது, உடலில் எங்கோ ஃபைபிரின் உருவாகிக் கரைந்துள்ளது என்பதைக் காட்டும். ஃபால்சிபாரம் மலேரியாவில் இது பரவலாக உயர்ந்து காணப்படுகின்றது. எனவே இதன் உயர்வு ஒன்றே ஆபத்தின் சான்றாகாது. ஆனால் இதன் அளவு இயல்பாக இருப்பின், பரவலான உறைதல் நிகழ்வதற்கான வாய்ப்பு மிகக் குறைவு எனக் கொள்ளலாம்.

இருபது நிமிடக் குருதி உறைதல் சோதனை

தூய்மையான உலர்ந்த கண்ணாடிக் குழாயில் 2 மில்லிலீட்டர் குருதியை அசைக்காமல் 20 நிமிடங்கள் வைத்து, பின்னர் குழாயைச் சாய்த்துப் பார்ப்பது இச்சோதனை ஆகும். இந்தியா, இலங்கை ஆகிய நாடுகளில் பாம்புக்கடி நோயாளிகளுக்கு இது பரவலாகச் செய்யப்படுகின்றது. குருதி உறையாவிடில் ஃபைபிரினோஜென் மிகவும் குறைந்துள்ளது எனப் பொருள். மலேரியாவில் காணப்படும் சிறிய மாற்றங்களை இது காட்டாது. எனினும் வேறு வசதி இல்லாத இடத்தில் கடுமையான குறைபாட்டை அறிய உதவும்.

பரவலான உறைதலைக் கண்டறியும் மதிப்பெண் முறை

குருதிக்குழாய்களுக்குள் பரவலான உறைதல் (டி.ஐ.சி) என்பது, உடல் முழுவதும் கட்டுப்பாடின்றி உறைதல் நிகழ்ந்து, சிறுதட்டுக்களும் உறைதல் காரணிகளும் தீர்ந்துபோகும் நிலை ஆகும். இதனை உறுதிசெய்யும் தனியொரு சோதனை இல்லை. ஆகவே திராம்போசிசு மற்றும் குருதிப்போக்குத் தடுப்புக்கான பன்னாட்டுக் கழகம் 2001 ஆம் ஆண்டில் நான்கு சோதனைகளைச் சேர்த்து ஒரு மதிப்பெண் முறையை வெளியிட்டது.

- சிறுதட்டு எண்ணிக்கை: 1,00,000க்கு மேல் எனில் 0, 50,000 முதல் 1,00,000 வரை எனில் 1, 50,000க்குக் கீழ் எனில் 2.
- டி-டைமர் போன்ற ஃபைபிரின் சார்ந்த குறிகாட்டி: உயர்வு இல்லையெனில் 0, மிதமான உயர்வு எனில் 2, பெரும் உயர்வு எனில் 3.
- புரோதிராம்பின் நேர நீட்சி: 3 நொடிகளுக்குக் குறைவு எனில் 0, 3 முதல் 6 நொடிகள் எனில் 1, 6 நொடிகளுக்கு மேல் எனில் 2.
- ஃபைபிரினோஜென்: டெசிலீட்டருக்கு 100 மில்லிகிராமுக்கு மேல் எனில் 0, அதற்குக் கீழ் எனில் 1.

கூட்டுத்தொகை 5 அல்லது அதற்கு மேல் இருப்பின் வெளிப்படையான பரவலான உறைதல் எனக் கருதப்படும். 5க்குக் குறைவெனில் ஓரிரு நாள்களில் சோதனைகளை மீண்டும் செய்து பார்த்தல் வேண்டும். இத்தகைய உறைதலை உண்டாக்கக்கூடிய நோய் இருப்பது தெரிந்தவர்களுக்கு மட்டுமே இம்முறை பொருந்தும்.

எடுத்துக்காட்டாக, மூன்று நோயாளிகளின் முடிவுகள் பின்வருமாறு இருப்பதாகக் கொள்க.

முதலாமவரின் சிறுதட்டுக்கள் 42,000, டி-டைமர் மிதமான உயர்வு, புரோதிராம்பின் நேரம் 1 நொடி நீண்டுள்ளது, ஃபைபிரினோஜென் 380. மதிப்பெண் 2 + 2 + 0 + 0 = 4.

இரண்டாமவரின் சிறுதட்டுக்களும் 42,000, டி-டைமர் பெரும் உயர்வு, புரோதிராம்பின் நேரம் 5 நொடிகள் நீண்டுள்ளது, ஃபைபிரினோஜென் 90. மதிப்பெண் 2 + 3 + 1 + 1 = 7.

மூன்றாமவரின் சிறுதட்டுக்கள் 90,000, டி-டைமர் பெரும் உயர்வு, புரோதிராம்பின் நேரம் 7 நொடிகள் நீண்டுள்ளது, ஃபைபிரினோஜென் 210. மதிப்பெண் 1 + 3 + 2 + 0 = 6.

முதல் இருவருக்கும் சிறுதட்டு எண்ணிக்கை ஒன்றே, நிலைமை வேறு. மூன்றாமவருக்குச் சிறுதட்டுக்கள் முதலாமவரைவிட இரு மடங்குக்கு மேல் இருந்தும், பரவலான உறைதலுக்கான சான்று அவரிடமே வலுவாக உள்ளது. எனினும் மூன்றாமவரின் புரோதிராம்பின் நேர நீட்சிக்குக் கல்லீரல் பாதிப்பும் காரணமாகலாம். எனவே அதனையும் தனியே ஆராய்தல் வேண்டும்.

முடிவுகளும் சிகிச்சையும்

உலக சுகாதார நிறுவனம் கடும் மலேரியாவின் அறிகுறிகளுள் ஒன்றாகக் குறிப்பிடத்தக்க குருதிப்போக்கைச் சேர்த்துள்ளது. மூக்கு, ஈறு, ஊசி குத்திய இடம் ஆகியவற்றிலிருந்து நீடித்தோ திரும்பத் திரும்பவோ குருதி கசிதல், குருதி வாந்தி, கருநிற மலம் என்பன அதில் அடங்கும். சிறுதட்டு எண்ணிக்கை குறைவு என்பது மட்டும் அப்பட்டியலில் இடம்பெறவில்லை.

சிறுதட்டுக் குறைவுக்கு முதன்மையான மருத்துவம், ஒட்டுண்ணியை அழிப்பதே ஆகும். கடும் மலேரியாவுக்குச் சிரைவழி ஆர்ட்டிசுனேட்டு மருந்து பரிந்துரைக்கப்படுகின்றது. குருதிப்போக்கு இல்லாதவருக்கு, எண்ணிக்கையை உயர்த்திக் காட்டுவதற்காக மட்டும் சிறுதட்டுக்கள் ஏற்றுவதால் பெரும்பாலும் பயன் இல்லை. தேவையற்ற ஏற்றத்தால் ஒவ்வாமை, நோய்த்தொற்று போன்ற இடர்கள் உண்டு. உண்மையில் தேவைப்படும் இன்னொருவருக்கு அது கிடைக்காமலும் போகலாம். பரவலான உறைதலோடு குருதிப்போக்கும் உள்ளவருக்கு, எண்ணிக்கை 50,000க்குக் கீழ் இருப்பின் சிறுதட்டுக்கள் ஏற்றுவது பற்றிச் சிந்திக்கப்படுகின்றது. உறைதல் காரணிகள் குறைந்திருப்பின் உறையவைத்த புதிய குருதி நீர்மம், உயிர்ச்சத்து கே ஆகியவை கொடுக்கப்படலாம்.

உறைதல் நிகழ்கின்றது என்பதற்காக ஒரு காலத்தில் கடும் மலேரியா நோயாளிகளுக்கு எப்பாரின் கொடுக்கப்பட்டது. அதனால் குருதிப்போக்கு ஆபத்து கூடுமேயன்றி நன்மை நிறுவப்படவில்லை. உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டுதல்கள் கடும் மலேரியாவுக்கு அதனைப் பரிந்துரைப்பதில்லை. சிறுதட்டுக்களின் செயலைக் குறைக்கும் ஆசுப்பிரினையும் காய்ச்சலுக்குத் தவிர்த்தல் வேண்டும்.

நினைவிழந்த நோயாளிக்கு மூளையுறை அழற்சி உள்ளதா என அறியத் தண்டுவட நீர் எடுக்க நேரிடும். அதற்கு முன்னர்ச் சிறுதட்டு எண்ணிக்கையையும் உறைதல் நேரங்களையும் அறிந்துகொள்வது இச்சோதனைகளின் மற்றொரு பயன் ஆகும்.

டெங்குவும் மலேரியாவும்

தெற்காசியாவில் காய்ச்சலுடன் சிறுதட்டுக் குறைவு என்றதும் பலரின் நினைவுக்கு வருவது டெங்குக் காய்ச்சல். மலேரியாவும் அதே தோற்றத்துடன் வரக்கூடும். சென்னை நகரில், கிணறுகளிலும் மேல்நிலைத் தொட்டிகளிலும் பெருகும் அனோபிலிசு இசுடெபென்சி கொசுவால் வைவாக்ஸ் மலேரியா பரவி வந்துள்ளது. டெங்குவைப் பரப்பும் ஏடிசு கொசுவும் அதே நகரில் உண்டு. இலங்கை 2016 ஆம் ஆண்டு செப்டம்பரில் மலேரியா அற்ற நாடாக உலக சுகாதார நிறுவனத்தால் அறிவிக்கப்பட்டது. அங்கு வெளிநாடு சென்று திரும்புவோரிடம் மட்டுமே எதிர்பார்க்கத்தக்க நோயாக மலேரியா மாறியுள்ளதால், சிறுதட்டுக் குறைவை டெங்கு எனக் கொண்டு மலேரியாவைத் தேடாமல் விடும் ஆபத்து கூடுதலாக உள்ளது.

டெங்குவுக்கு ஒட்டுண்ணியை அழிக்கும் மருந்தால் பயன் இல்லை. ஃபால்சிபாரம் மலேரியாவிலோ அம்மருந்து சில மணி நேரம் தாமதித்தாலும் உயிருக்கு ஆபத்து நேரலாம். எனவே மலேரியா பரவும் இடத்தில் வாழ்பவருக்கோ அங்குச் சென்று வந்தவருக்கோ காய்ச்சலும் சிறுதட்டுக் குறைவும் காணப்படின், அதே மாதிரிக் குருதியிலிருந்து தடித்த பூச்சும் மெல்லிய பூச்சும் எடுத்து ஒட்டுண்ணியைத் தேடுதல் வேண்டும். முதற் பூச்சில் ஒட்டுண்ணி தென்படாவிடினும் ஐயம் நீங்காத நிலையில், 12 முதல் 24 மணி நேர இடைவெளியில் அதனைத் திரும்பச் செய்வது வழக்கம் ஆகும்.